காலையில் படுத்துக்கிடக்கும் வண்டி: ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரசரைக் கண்டுபிடிப்பதும் சோதிப்பதும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். ஏற்காட்டில் வீடு. கைமாறி வாங்கிய லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4. இரவு நிறுத்தினால் காலையில் நான்கு பக்கமும் இறங்கிக் கிடக்கிறது. என்ஜினைப் போட்டால் எழுகிறது, ஆனால் முன்பைவிட நேரம் எடுக்கிறது. சேலம் போய்விட்டு மலை ஏறும்போது சில நாள் சஸ்பென்ஷன் கோளாறு என்று எச்சரிக்கை வருகிறது. சேலத்தில் ஒரு பட்டறையில் காட்டியபோது, கீழே குனிந்துகூடப் பார்க்காமல், கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அது எங்கே இருக்கிறது, நிஜமாகவே போய்விட்டதா என்று நாமே பார்க்க முடியுமா என்பது உங்கள் கேள்வி.

முடியும். ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் கம்ப்ரசர் இரவில் ஓடுவதே இல்லை. உங்கள் வண்டியில் என்ஜின் ஓடினால்தான் அது ஓடும். நிறுத்திய வண்டியைத் தாங்கி நிற்பது பெல்லோக்களுக்குள், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் ரப்பர் காற்றுப் பைகளுக்குள், ஏற்கெனவே அடைபட்ட காற்று; அதை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பவை வால்வு பிளாக்குகள். ஆகவே இரவில் இறங்குவது எங்கோ கசிகிறது என்பதற்கான அடையாளம். காலையில் மெதுவாக எழுவது கம்ப்ரசர் களைத்துவிட்டது என்பதற்கான அடையாளம். இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். பெரும்பாலும் முதலாவதுதான் இரண்டாவதைக் கொண்டுவருகிறது. கசிவை அப்படியே விட்டுவிட்டுப் புதுக் கம்ப்ரசர் போட்டால், புதியதும் அதே வழியில் போகும்.

சேலம் பக்கத்தில் காற்று வேலை தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. லாரி, ஆம்னி பஸ் எல்லாவற்றிலும் காற்றுதான். ஆனால் அங்கே பழகிய கை இங்கே ஒரு விஷயத்தில் ஏமாறும். பஸ்ஸில் கம்ப்ரசரை என்ஜினே நேரடியாகச் சுற்றுகிறது, எண்ணெய் போட்டு ஓடுகிறது, பிரேக்குக்கும் அதே காற்று. என்ஜின் ஓடுகிற வரை அதுவும் ஓடும். சின்னக் கசிவு இருந்தாலும் நாள் முழுக்கச் சமாளித்துவிடும். காரில் இருப்பது 12 வோல்ட் மோட்டாரில், எண்ணெய் இல்லாமல் ஓடும் சின்ன பிஸ்டன் கம்ப்ரசர். கொஞ்ச நேரம் ஓடி, பிறகு நன்றாக ஆற வேண்டும். தொடர்ந்து ஓடினால் தலை சூடாகி, சென்சார் அதை நிறுத்திவிடும். இப்படிச் சூடேறிச் சூடேறித்தான் பிஸ்டன் வளையம் தேய்கிறது. பஸ்ஸில் பொறுத்துக்கொள்கிற கசிவைக் காரில் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

கசிவுக்கு இன்னொரு விளைவும் உண்டு. இதை யாரும் அதிகம் சொல்வதில்லை. கம்ப்ரசரோடு ஒரு ட்ரையர் இருக்கும், உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மணிகள். வெளிக்காற்று அதன் வழியாகப் போய் உலர்ந்துதான் உள்ளே செல்கிறது. வண்டியை இறக்கும்போது உலர்ந்த காற்று அதே ட்ரையர் வழியாகத் திரும்பி வெளியேறும். போகும்போது மணிகளில் தங்கிய ஈரத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடும். இப்படித்தான் ட்ரையர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. கசிகிற வண்டியில் காற்று ஓட்டை வழியாகப் போய்விடுகிறது, ட்ரையர் வழியாகத் திரும்பி வருவது குறைந்துவிடுகிறது. மணிகள் ஈரத்தில் ஊறி, உடைந்து மாவாகி, வால்வுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஏற்காட்டில் மழைக்காலம் முழுக்கப் பனிமூட்டமும் ஈரமும்தான். அங்கே இழுக்கிற காற்றே ஈரக்காற்று. அதனால் உங்கள் ட்ரையரின் நிலையை நான் கம்ப்ரசருக்குச் சமமாக வைத்துப் பார்ப்பேன்.

சரி, கம்ப்ரசர் எங்கே இருக்கிறது? டிஸ்கவரி 3, 4 இரண்டிலும் இடது பக்கம், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், சேசிஸ் ரெயிலுக்கு (வண்டியின் அடிச்சட்டத்தில் நீளவாக்கில் ஓடும் கம்பிக்கு) வெளிப்புறத்தில் இருக்கிறது. இடது பின் கதவுக்கு நேர் கீழே குனிந்து பார்த்தால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி தெரியும், அதற்குள்ளேதான். மூடியைக் கழற்றினால் ரப்பர் மவுண்டில் தொங்கும் மோட்டாரும், அதோடு ஒட்டிய உருளையான ட்ரையரும் இருக்கும். முதலில் வந்தவற்றில் ஹிட்டாச்சி கம்ப்ரசர், பிற்காலத்தில் ஏஎம்கே. கைமாறிய வண்டி என்பதால் இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். ஹிட்டாச்சியைக் கழற்றி ஏஎம்கே போட்டால் சஸ்பென்ஷன் கம்ப்யூட்டரின் சாப்ட்வேரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. எல்லா வண்டிக்கும் பொதுவான இடம் என்று ஒன்று கிடையாது. மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் டபிள்யூ220, டபிள்யூ221 இரண்டிலும் வலது முன் சக்கரத்துக்கு முன்னால், பம்பருக்குப் பின்புறம். பழைய ரேஞ்ச் ரோவர் பி38இல் பானட்டைத் திறந்தாலே தெரியும். அதற்கு அடுத்த ரேஞ்ச் ரோவரின் ஆரம்ப வருட வண்டிகளில் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில். ஆடி ஆல்ரோடு முதல் தலைமுறையிலும் ஸ்டெப்னி குழிப் பக்கம்தான். இணையத்தில் அமெரிக்க வீடியோ பார்த்து இடம் தேடுகிறவர்கள் கவனிக்க: அவர்கள் டிரைவர் பக்கம் என்று சொல்வது நமக்கு இடது பக்கம். சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்த்தபடி வலது, இடது என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

எந்த வண்டியானாலும் காதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து உயரத்தைக் கூட்டும் சுவிட்சை அழுத்த, இன்னொருவர் வண்டியைச் சுற்றி வரட்டும். கம்ப்ரசர் உறுமும் இடத்தில் மட்கார்டு உறையில் கை வைத்தால் அதிர்வு தெரியும். டீசல் என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை என்றால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பாடியில் வைத்துப் பிடியைக் காதருகே பிடியுங்கள். கீழே படுத்துத் தேட வேண்டாம், வெளியில் நின்றே.

அந்தக் கடைசி வரியை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் போகும். டிஸ்கவரி இரண்டரை டன் எடை. காற்று போனால் அந்த எடை முழுவதும் ஒரே மூச்சில் கீழே வரும். கீழே கையோ தலையோ இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு, கெட்டியான சிமென்ட் தரை, சக்கரங்கள் உருளாமல் தடுக்கும் கட்டை. ஏற்காட்டில் பல வீட்டு வாசலும் சரிவாகத்தான் இருக்கும். சரிவில் இந்த வேலையே வேண்டாம். சமதளம் இல்லையென்றால் சேலத்தில் லிப்ட் இருக்கும் பட்டறைக்குப் போய் அங்கே பாருங்கள். வண்டியைத் தூக்கும்போது சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய பிறகும் சஸ்பென்ஷன் தானாக உயரத்தைச் சரிசெய்ய முயலும். இன்னொன்று, வண்டி தரையில் படுத்திருந்தாலும் கம்ப்ரசர் நிரப்பிவைக்கும் காற்றுத் தொட்டிக்குள் அழுத்தம் இருக்கும். இந்த வகை அமைப்புகளில் அது 16 பார் வரை போகும். கார் டயரில் நாம் அடிப்பது சுமார் இரண்டேகால் பார்தான். ஸ்கேனர் மூலம் காற்றை இறக்காமல் எந்தக் குழாய் இணைப்பையும் தளர்த்தாதீர்கள். கண்ணாடி அணியாமலும் வேண்டாம்.

இப்போது கசிவைத் தேடுவோம். உங்கள் வண்டி நான்கு பக்கமும் சமமாக இறங்குகிறது என்றதும், நான்கு பெல்லோவும் போய்விட்டதோ, இல்லை நடுவில் இருக்கும் கம்ப்ரசர்தானோ என்று தோன்றும். டிஸ்கவரியின் குணம் தெரிந்தால் பயம் விலகும். நிறுத்திய பிறகு அதன் கம்ப்யூட்டர் அவ்வப்போது விழித்து நான்கு மூலைகளின் உயரத்தையும் பார்க்கும். ஒரு மூலை கசிந்து இறங்கியிருந்தால், வண்டி கோணலாக நிற்காமலிருக்க, மற்ற மூன்றின் காற்றையும் விட்டு அதற்குச் சமமாக இறக்கிவிடும். விடியும்போது எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், குற்றவாளி ஒன்றே ஒன்று என்றாலும்.

அதைப் பிடிக்க எளிய வழி, இரவில் அந்தக் கம்ப்யூட்டரை விழிக்கவிடாமல் செய்வது. மாலையில் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்திலும் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். பிறகு சஸ்பென்ஷனுக்கான பியூஸைப் பிடுங்கிவிடுங்கள். எது என்று வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பியூஸில் சந்தேகம் இருந்தால் பேட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றிவையுங்கள். அதற்கு முன் பானட்டைத் திறந்தே வைத்துக்கொள்ள மறக்காதீர்கள். காலையில் திரும்ப அளந்தால், இறங்கிய மூலை தானாகத் தெரிந்துவிடும். ஒரே மூலை என்றால் அந்தப் பெல்லோ, அதன் குழாய், அல்லது அதற்கான வால்வு. முன்பக்கம் இரண்டும் சேர்ந்து இறங்கினால் முன் வால்வு பிளாக் மீது சந்தேகம் போக வேண்டும்; இந்த வண்டிகளில் அது அடிக்கடி தொல்லை தருகிற இடம்.

ஏற்காட்டுக்காரர்கள் ஒன்றைக் கழித்துக் கணக்கிட வேண்டும். சேலத்து மதியம் 38 டிகிரியில் நின்ற வண்டி மலை ஏறி, விடியற்காலை 15 டிகிரிக்குக் குளிர்ந்தால், உள்ளே அடைபட்ட காற்று ஏறக்குறைய 7 சதவீதம் சுருங்கும். அதனால் வண்டி ஒரு சென்டிமீட்டர் அளவில் உட்காரும், நான்கு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அது கசிவு கிடையாது. ஒரு மூலை மட்டும் நான்கைந்து சென்டிமீட்டர் இறங்கினால்தான் கசிவு.

மூலை தெரிந்ததும் சோப்பு நுரை. துணி துவைக்கும் சோப்பைக் கெட்டியாகக் கரைத்து, தெளிப்பான் புட்டியில் ஊற்றி, பெல்லோவின் ரப்பர் மடிப்பில் அடியுங்கள். வண்டி உயரமாக நிற்கும்போது மடிப்பு விரிந்து வெடிப்பு தெரியும். சில வெடிப்புகள் தாழ்ந்த நிலையில் மட்டும்தான் கசியும், அதனால் இரண்டு உயரத்திலும் பாருங்கள். குழாய் பெல்லோவுக்குள் நுழையும் இடம், வால்வு பிளாக்கின் இணைப்புகள், தொட்டி எல்லாவற்றிலும் அடியுங்கள். நுரை பொங்கினால் அங்கேதான். எஸ்டேட் பக்கம் நிறுத்துகிற வண்டி என்றால் குழாயிலும் ஒயரிலும் எலிப் பல் தடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நுரை எங்குமே பொங்காமல் வண்டி மட்டும் இறங்கினால் வால்வு பிளாக்குக்குள்ளேயே கசிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

குழாய் மாற்றும் நிலை வந்தால், பவர்லூம், மில் வேலைகளுக்கு விற்கும் மெல்லிய நீல நிற பாலியூரிதேன் டியூபை வாங்கிச் செருகிவிடாதீர்கள். கடையில் பக்கத்திலேயே இருக்கும், மலிவு, பார்க்க ஒரே மாதிரி. ஆனால் அது சுமார் 10 பாருக்குச் செய்தது, என்ஜின் பக்கத்துச் சூட்டில் அதுவும் தாங்காது. வாகனப் பிரேக்குக்கு வரும் கெட்டியான நைலான் குழாயை, அழுத்த அளவு அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து, சரியான விட்டத்தில் வாங்குங்கள்.

கசிவு முடிந்ததா, இனி கம்ப்ரசர். முதலில் அது ஓடுகிறதா என்ற கேள்வி. உங்களுடையது ஓடுகிறது, அதனால் மின்சாரப் பக்கம் நீங்கள் கடந்துபோகலாம். ஓடவே இல்லை என்பவர்கள் பியூஸ், ரிலே (கம்ப்ரசருக்கு மின்சாரத்தைத் தந்து நிறுத்தும் சின்ன சுவிட்ச்) இரண்டையும் பார்க்க வேண்டும். பானட்டுக்குக் கீழே இருக்கும் பியூஸ் பெட்டியின் மூடியிலோ கையேட்டிலோ படம் இருக்கும். அதே எண் அச்சிட்ட வேறு ரிலேவை மாற்றிப்போட்டுப் பார்ப்பது சுலபமான சோதனை. ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி எரிந்துபோகும். விலை குறைந்த அந்தப் பொருள் விலை அதிகமானதைக் கொல்கிறது. அதனால் கம்ப்ரசர் மாற்றும்போதெல்லாம் ரிலேவையும் புதிதாகப் போடுவதுதான் சரி. பட்டறையில் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

ரிலே நன்றாக இருந்தும் ஓடவில்லை என்றால், கம்ப்ரசரில் தடித்த இரண்டு ஒயர் போகும் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்து, உயரத்தைக் கூட்டும் சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. வராவிட்டால் ஒயரிங்கையோ கம்ப்யூட்டரின் முடிவையோ தேட வேண்டும். ஓடும்போதே 10 வோல்ட்டுக்கு இறங்கினால் எங்கோ இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. பலவீனமான கம்ப்ரசர் என்று பெயர் வாங்கிய பலவற்றுக்குக் காரணம் வெறும் எர்த் ஒயர்தான்.

உங்களுக்கு வேண்டியது அழுத்தச் சோதனை. இதில் இரண்டு வழி. நல்ல வழி, லேண்ட் ரோவரின் சஸ்பென்ஷன் கம்ப்யூட்டரோடு பேசக்கூடிய ஸ்கேனர். எல்லாக் கார்களுக்கும் பொதுவாக விற்கும் சாதாரண ஓபிடி கருவி என்ஜினின் பிழைக் குறியீடுகளை மட்டும் படித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லும், அதை நம்ப வேண்டாம். சரியான ஸ்கேனரில் தொட்டியின் அழுத்தத்தை நேரலையாகப் பார்க்கலாம். சி1ஏ20 என்ற பிழைக் குறியீடு வந்தால், தொட்டி நிரம்பும்போது அழுத்தம் மிக மெதுவாக ஏறுகிறது என்று பொருள். இதைப் பார்த்ததும்தான் கம்ப்ரசர் போச்சு என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். கசிவு, கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுக்கும் வழியில் அடைத்த இழுவை பில்டர், குறைந்த வோல்டேஜ், தேய்ந்த பிஸ்டன் வளையம், நான்கில் எதுவும் இந்தக் குறியீட்டைத் தரும். சி1ஏ13 வந்தால் காற்றை வெளியே விடும்போது அழுத்தம் இறங்கவில்லை என்று பொருள். வெளியேற்றும் வழி அடைத்திருக்கிறது, பெரும்பாலும் ட்ரையர் மணிகள் உடைந்த மாவு. குழாயைக் கழற்றும்போது வெள்ளைத் தூள் கொட்டினால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது வழி, அழுத்தத்தைக் காட்டும் கேஜ் வைத்துப் பார்ப்பது. காற்றை முழுக்க இறக்கிய பிறகு, கம்ப்ரசரின் வெளிக்குழாயில் 25 பார் வரை காட்டும் கேஜை இணைத்து, 40 ஆம்பியர் பியூஸ் போட்ட ஒயரால் பேட்டரியிலிருந்து நேரடியாகச் சில விநாடி ஓட்ட வேண்டும். இப்படிச் சின்னக் குழாய்க்குள் அடிக்கும்போது நல்ல கம்ப்ரசர் 10 பாரைத் திணறாமல் தாண்டும். 12ஐத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். 6, 7இலேயே நின்று முனகினால் வளையம் தேய்ந்துவிட்டது. நிறுத்திய பிறகு முள்ளைக் கவனியுங்கள். நின்ற இடத்திலேயே இருந்தால் நல்லது, கண்ணெதிரே சரிந்தால் வெளியேற்றும் வால்வு சரியாக மூடவில்லை. எச்சரிக்கை மணி அடிக்காத வேலை இது, கம்ப்யூட்டரின் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் ஓடுகிறது, அதனால் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். பழக்கமில்லாதவர்கள் இதை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம்.

மலை ஏறும்போது மட்டும் எச்சரிக்கை வருவதற்கும் காரணம் இருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்று ஏறக்குறைய 13 சதவீதம் மெல்லியது. அதே பிஸ்டன் அதே வேகத்தில் ஓடினாலும் ஒவ்வொரு இழுப்பிலும் அவ்வளவு குறைவாகத்தான் காற்று கிடைக்கும். தொட்டி நிரம்ப அந்த அளவுக்குக் கூடுதல் நேரம் ஓட வேண்டும், கூடுதலாகச் சூடாகும். சேலத்தில் கம்ப்யூட்டரின் பரீட்சையில் நூலிழையில் தேறிவிடுகிற கம்ப்ரசர் ஏற்காட்டில் தோற்றுப்போகும். கீழே பட்டறையில் எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பிய வண்டி வீட்டுக்கு வந்ததும் எச்சரிக்கை காட்டுவது இதனால்தான். மெக்கானிக்கைக் கோபித்துப் பயனில்லை. சோதனையின்போது அழுத்தம் ஏறும் நேரத்தை எழுதித்தரச் சொல்லுங்கள், மலையில் அதே சோதனையைச் செய்து ஒப்பிடுங்கள்.

வளையம் மட்டும் தேய்ந்திருந்தால் புதுக் கம்ப்ரசர் கட்டாயமில்லை. பிஸ்டன் வளையமும் சிலிண்டர் ஸ்லீவும் சேர்ந்த ரிப்பேர் கிட் கிடைக்கிறது, அதோடு ட்ரையர் மணிகளையும் இழுவை பில்டரையும் மாற்றலாம். மோட்டார் கரி தூசி கக்கினாலோ, தாங்கு பேரிங் கறகறவென்றாலோ கிட் போடுவது வீண் செலவு, முழுதாக மாற்றிவிடுங்கள். வெறும் சத்தம் மட்டும் அதிகம் என்றால் முதலில் ரப்பர் மவுண்டுகளைப் பாருங்கள்; அறுந்த மவுண்ட் நல்ல கம்ப்ரசரையும் பழுதானதுபோலக் கேட்கவைக்கும். காற்றையே எடுத்துவிட்டு ஸ்பிரிங் போட்டுத்தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். எஸ்டேட் பாதையில் வண்டியை உயர்த்தி ஓட்டும் வசதிக்காகத்தானே இந்த வண்டியை வாங்கினீர்கள். அதை இழக்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

கடைசியாக, வண்டியை எப்படிக் கீழே கொண்டுபோவது. காலையில் எழுந்து சாதாரண உயரத்தில் நிற்கிறதென்றால் மெதுவாக ஓட்டிப்போகலாம். எழவே இல்லை, பம்ப் ஸ்டாப்பில், அதாவது சஸ்பென்ஷன் முழுக்க இறங்கியதும் முட்டும் ரப்பர் தடுப்பில், உட்கார்ந்திருக்கிறது என்றால் அடிவாரம் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை அதில் இறங்க முயல வேண்டாம். சக்கரம் மேலே போக இடமில்லாத வண்டி குழியில் துள்ளும், வளைவில் டயர் மட்கார்டில் உரசும். பிளாட்பெட் வண்டியை வரவழையுங்கள். ஏற்றிய பிறகு பட்டையைச் சேசிஸில் கட்டவிடாதீர்கள், சக்கரங்களில் கட்டச் சொல்லுங்கள். வழியில் காற்று இறங்கினால் சேசிஸ் கீழே போகும், பட்டை தளரும், வளைவில் வண்டி நகரும். சக்கரத்தில் கட்டியது இறங்கினாலும் தளராது.